சாக்பீஸின் வலது கை

ராத்திரி பதினொன்றரை இருக்கும். ரன்வே வேலியை ஒட்டி ஒரு ரோடு போகும்... இந்தப் பக்கம் கம்பி வேலி, அந்தப் பக்கம் வெறும் புல்லு. வழியில ஒரு வீடு கிடையாது, கடை கிடையாது, குலைக்கறதுக்கு ஒரு நாய்கூட கிடையாது. அந்த ரோட்டுல ஒரு மனுஷன் தனியா நடந்து போறாரு. ஒரு கைல மண்ணெண்ணெய் பாட்டில். இன்னொரு கைல கிழிஞ்ச பனியன்.

டேய், அந்த டார்ச்சை அணைடா. என் மூஞ்சிக்குக் கீழ அடிச்சா உங்களை விட எனக்குத்தான் பயமா இருக்கு. கரண்ட் வர்றப்ப வரட்டும். கிட்ட வந்து உட்காருங்க... ம்.

எதையோ கொளுத்தப் போறாருன்னு நினைக்காதீங்க. அழிக்கப் போறாரு. என்னத்தைன்னு சொல்றேன்.

நம்ம ஆபீஸ் அக்கவுண்டன்ட் இருக்காருல்ல... வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயந்து உட்கார்ந்திருப்பாரே, அவருதான். அவரோட மாமனார் இவரு. விமானப்படையில முப்பது வருஷம் வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆனவரு. ஓட்டற வேலை இல்ல. குண்டு மாட்டற வேலை. அங்க எல்லாரும் அவரை 'சாக்பீஸ்'னுதான் கூப்பிடுவாங்களாம்.

அவங்க கிட்ட இருந்தது ஒரு ரகத் தாக்குதல் விமானம். தரையை ஒட்டி மெதுவா பறந்து குண்டு போட்டுட்டு வரும். பாக்க லட்சணம் கிடையாது. கனத்த மூக்கு, அகலமான இறக்கை, எத்தனை அடி வாங்கினாலும் வீடு வந்து சேர்ந்துடும். அதனால அதுக்கு 'எருமை'ன்னு பேரு. பறக்கறது எருமைன்னா சிரிப்பா இருக்குல்ல? அடியில நின்னவங்களுக்குச் சிரிப்பா இருந்திருக்காது.

குண்டு தள்ளுவண்டியில வரும். ஜாக்கி வச்சுத் தூக்கி இறக்கைக்கு அடியில கொண்டு போவாங்க. கொக்கி கவ்வினதும் 'ளக்'னு ஒரு சத்தம். கடைசியா ஒரு பின் இருக்கும், அதுல சிவப்பு ரிப்பன் தொங்கும். அதை உருவிட்டா அப்புறம் அது குண்டு. அதுவரைக்கும் வெறும் இரும்பு. அந்தப் பின்னை உருவறவன் குண்டு மேல ஒரு வரி எழுதணும்... இது அந்தக் கூட்டத்துல ஒரு வழக்கம். சட்டம் இல்ல. ஆனா எழுதாம விட்டா மத்தவங்களுக்கு மனசு ஆறாது. வெள்ளை மெழுகுக் கட்டி ஒண்ணு வச்சிருப்பாங்க. இரும்பு மேல எழுதினா மழையில கூடப் போகாது.

நம்ம ஆளுக்கு முத்து முத்தான கையெழுத்து. அதோட வாயும் கொஞ்சம் நீளம். அதனால எல்லாக் குண்டுக்கும் அவருதான் எழுதணும்னு ஆயிடுச்சு. 'கதவைத் திறந்து வைங்க', 'கூரை ஒழுகுதா?', 'ரொம்ப நாளாச்சே பாத்து'... இப்படி. எழுதி முடிச்சதும் சுத்தி நிக்கறவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பைலட்டு ஏணியில ஏறாம நின்னு படிச்சுட்டுத்தான் ஏறுவாரு.

சண்டை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களோட. அவங்களும் இதே எழுத்துதான் படிக்கிறவங்க. அதுலதான் ருசியே. ஆனா யோசிச்சுப் பாருங்க... அது கீழ போய்ச் சேர்ந்தா வெடிச்சுடும். படிக்க ஆளும் இருக்காது, படிக்க எழுத்தும் இருக்காது. யாருமே படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு எழுதறது. அதனால என்ன வேணா எழுதலாம்.

ஒருநாள் சாயங்காலம் அவசர அவசரமா ஒரு குண்டு மாட்டறாங்க. எருமை போய்ச் சேர்றப்போ அங்க எல்லாரும் சாப்பிடற நேரம் இருக்கும். இவரு பின்னை உருவிட்டு, மெழுகை எடுத்து, ஒரே இழுப்புல எழுதினாரு...

'சாப்பிட்டாச்சா?'

அப்படி ஒரு சிரிப்பாம். ஒருத்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்துல சாய்ஞ்சுட்டானாம்.

அந்தக் குண்டு வெடிக்கல.

ஒரு வாரம் கழிச்சு பேப்பர்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஒரு வீட்டு அடுக்களை. மேல கூரையில பெரிய ஓட்டை, அது வழியா வெயில் விழுது. தரையில மூக்கு புதைஞ்சு குண்டு சாய்ஞ்சு நிக்குது. சுத்தி தட்டுங்க, அதுல போட்ட சாப்பாடு அப்படியே இருக்கு. குண்டு மேல எழுத்து பளிச்சுன்னு தெரியுது. அப்புறம் போட்டோவோட ஓரத்துல... ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு குத்த வச்சு உட்கார்ந்திருக்கு. எழுத்து சாய்ஞ்சிருக்குல்ல, அதனால அதுவும் கழுத்தைச் சாய்ச்சு வச்சிருக்கு. வாய் லேசாத் திறந்திருக்கு.

படிச்சுக்கிட்டு இருக்கு.

கூட்டத்துல ஒருத்தன் அதை வெட்டி, சட்டம் போட்டு ரூம்ல மாட்டினான். "சாக்பீஸ் சார், உங்களுக்கு வாசகி கிடைச்சுட்டாங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு... இவருக்கும் வீட்டுல அதே வயசுல பொண்ணு. அப்பத்தான் 'அ'னா எழுதக் கத்துக்கிட்டிருந்துச்சு. இருந்தும் சிரிச்சாரு.

அடுத்த வாரம் பேப்பர்ல ஒரு மூலையில நாலு வரி வந்துச்சு. அந்தக் குண்டை எடுக்க ஆள் வர்றதுக்குள்ள அது வெடிச்சுடுச்சு, அந்த வீட்டுல யாரும் மிஞ்சலைன்னு. அதை யாரும் வெட்டல. சட்டம் போடல. போட்டோவை மட்டும் யாரோ சத்தமில்லாம கழட்டி பீரோவுல போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் இவரு எழுதறதை விட்டுட்டாரு. கேட்டவங்க கிட்ட கை வலின்னாரு. வீட்டுல மூச்சு விடல. பொண்ணு வளர்ந்து, படிச்சு, ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் ஆச்சு. அது பிள்ளைங்க கிட்ட பெருமையா சொல்லுமாம், "எங்கப்பா கையெழுத்து பாத்துத்தான் நான் எழுதக் கத்துக்கிட்டேன்"னு. அதைக் கேக்கறப்பல்லாம் இவரால நிமிர்ந்து பாக்க முடியாது. வெட்கம்... வேற என்ன?

சரி. வருஷம் ஓடிப் போச்சு. எருமைக்கும் வயசாச்சு. எல்லா எருமைக்கும் ஓய்வு குடுக்கப் போறாங்க, ஒண்ணே ஒண்ணை மட்டும் கழுவி, பெயிண்ட் அடிச்சு, படைத்தளத்து வாசல்ல தூண் மேல நிறுத்தப் போறாங்கன்னு முடிவாச்சு. அதுக்கு ஒரு விழா. பழைய ஆளுங்களுக்கெல்லாம் அழைப்பு. டீச்சர் அம்மா சும்மா இருக்குமா? எங்கப்பா வேலை பாத்த விமானம்னு, மறுநாள் காலையில தன்னோட கிளாஸ் முழுக்க வேன்ல கூட்டிட்டு வர்றதா ஏற்பாடு பண்ணிடுச்சு.

முந்தின நாளே இவரு அங்க போயிட்டாரு. ராத்திரி சாப்பாட்டு மேசையில ஒரு சின்னப் பையன், அவனும் குண்டு மாட்டறவன்தான், குனிஞ்சு ரகசியமா சொன்னான்.

"சார், நாளைக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கோம். காலிக் குண்டு ஒண்ணை எருமை இறக்கையில மாட்டி, அதுல உங்க வரியை உங்க கையெழுத்துலயே எழுதிட்டோம். பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது, அதைப் பாத்து அச்சு அசலா இழுத்துட்டோம்ல!"

இவரு தட்டைத் தள்ளி வச்சாரு. "எந்த வரி?"ன்னாரு. கேக்கவே வேண்டியதில்ல. தெரியும்.

அழிச்சுடணும். பொண்ணு வர்றதுக்குள்ள அழிச்சுடணும். அவளுக்கு அது கண்ணுல பட்டுச்சுன்னா, 'இது என்னப்பா'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டான்னா... அதுக்கு மேல அவரால யோசிக்க முடியல. பாவத்துக்குப் பரிகாரம் தேடி ஒண்ணும் போகல, சொல்லிடறேன். மாட்டிக்கக் கூடாதுன்னு போனாரு. அதனாலதான் அந்த நேரத்துல, அந்த ரோட்டுல, கைல மண்ணெண்ணெய்.

விமானக் கொட்டகை வாசல்ல ஒரு காவல்காரர். இவரைத் தெரிஞ்சவரு.

"என்ன சாக்பீஸ் சார், தூக்கம் வரலையா?"

"கடைசி ராத்திரி... ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வர்றேனே."

"போங்க போங்க. பழைய காதலியாச்சே"ன்னு சிரிச்சுட்டு சின்னக் கதவைத் திறந்து விட்டாரு.

உள்ள ஒரே ஒரு குண்டு பல்பு எரியுது. புது பெயிண்ட் வாசனை. நடுவுல எருமை நிக்குது... பளபளன்னு, மாப்பிள்ளைக் கோலத்துல. இன்ஜினையெல்லாம் போன மாசமே கழட்டி எடுத்துட்டாங்க. உள்ள ஒண்ணும் கிடையாது, வெறும் கூடு. இவரு கிட்ட போறாரு... சத்தம் கேக்குது.

டிக்... டிக்... டிக்...

அந்தச் சத்தம் அவருக்கு நல்லாத் தெரியும். பறந்துட்டு வந்து இறங்கின விமானம் சூடு ஆறறப்போ இரும்பு சுருங்கும், அப்ப வர்ற சத்தம். இன்ஜினே இல்லாத கூட்டுல என்ன சூடு, என்ன ஆறறது? ஏதோ எலின்னு நினைச்சுக்கிட்டாரு. எலி மேல பழியைப் போட்டா எலி ஒண்ணும் மறுத்துப் பேசாதுல்ல.

குனிஞ்சு இறக்கைக்கு அடியில போனாரு. அங்க தொங்குது. 'சாப்பிட்டாச்சா?'... தன்னோட கையெழுத்தை எதிர்ல வச்சுப் பாக்கறப்போ உடம்பு கூசிப் போச்சு. பனியன்ல மண்ணெண்ணெயை ஊத்தித் தேய்க்கறாரு. மெழுகு லேசுல போகுமா? தேய் தேய்னு தேய்க்கறாரு. 'சா' போச்சு. 'ப்' போச்சு. கடைசியில அந்தக் கேள்விக்குறியும் போச்சு. பல்பு வெளிச்சத்துல கையை வச்சுத் தடவிப் பாத்தாரு. சுத்தமா ஒண்ணுமில்ல.

அப்பாடான்னு மூச்சை இழுத்தாரு... மண்ணெண்ணெய் வாசனை வரணும். வரல.

அடிப்பிடிச்ச வாசனை. அடுப்புல சட்டியை வச்சுட்டு மறந்து போனா வருமே, அது. கருகலா... கண்ணு எரியற மாதிரி.

டிக் டிக் நின்னு போச்சு.

இறக்கைக்கு அந்தப் பக்கம், சக்கரத்துக்குப் பின்னால, சிமெண்ட் தரையில ஒரு தட்டு வைக்கற சத்தம். டங்... இன்னொண்ணு. டங்... யாரோ வீட்டு ஆளுங்களுக்கெல்லாம் தட்டு வைக்கறாங்க. அவசரமே இல்லாம.

அப்புறம் குரல். பக்கத்துல இருந்து. ரொம்பப் பக்கத்துல... இவரு இடுப்பு உயரத்துல இருந்து. புதுசா எழுத்துக்கூட்டிப் படிக்கற பிள்ளைங்க குரல் எப்படி இருக்கும், தெரியும்ல? ஒவ்வொரு எழுத்தா, மூச்சு வாங்கி...

"சா... ப்... பி... ட்... டா..."

எதைப் பாத்துப் படிக்குது? அதைத்தான் அழிச்சாச்சே. குண்டு மேல ஒண்ணுமே இல்லையே!

"...ச்... சா."

படிச்சு முடிச்சதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அது மாதிரி ஒரு சின்ன மூச்சு. அது ஒரு கேள்வின்னு அதுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கணும். கேள்வின்னா பதில் சொல்லணும்ல.

இவரோட வலது கையை யாரோ பிடிச்சாங்க. சின்னக் கை. நாம பிள்ளைங்களுக்கு முதல் முதல்ல எழுதக் கத்துக் குடுக்கறப்போ, நம்ம கைக்குள்ள அதுங்க கையை வச்சு எழுத வைப்போம். இங்க அந்தச் சின்னக் கை இவரு கை மேல படிஞ்சு, விரலையெல்லாம் கூட்டிப் பிடிக்குது. பேய்னா ஜில்லுன்னு இருக்கும்பாங்க. இல்லையாம். கொதிச்சுதாம்.

எப்படி வெளிய வந்தாருன்னு அவருக்கே தெரியாது. பாட்டிலும் பனியனும் உள்ளயே கிடக்கு. காவல்காரர் "என்ன சார்"னு கேட்டது பின்னால எங்கயோ கேட்டுச்சு. அந்த ரோட்டுல, அந்த வயசுல, ஓட்டமா ஓடி ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டாரு.

காலையில விழா. பந்தல், மைக், நாற்காலி. டீச்சர் அம்மா வேன்ல வந்து இறங்கி, பிள்ளைங்களை முன் வரிசையில தரையில உட்கார வச்சுச்சு. இவரு முதல்ல குண்டைத்தான் பாத்தாரு. சுத்தமா இருக்கு. ஒரு எழுத்து இல்ல. குண்டு மாட்டற சின்னப் பசங்க "யாருடா அழிச்சது"ன்னு ஒருத்தனை ஒருத்தன் முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. தப்பிச்சோம்டான்னு நெஞ்சுல கை வச்சாரு...

அப்பத்தான் பந்தல் ஓரத்தைப் பாத்தாரு. அங்க ஸ்டாண்டு வச்சு, பழைய போட்டோ எல்லாத்தையும் பெருசு பண்ணி நிறுத்தியிருக்காங்க. அடுக்களை. தட்டு. குண்டு. அந்த வரி. குத்த வச்ச பொண்ணு. அதுக்கு எதிர்ல இவரு பொண்ணு நிக்குது. நகரவே இல்ல. அதுவும் கழுத்தைச் சாய்ச்சு வச்சிருக்கு.

அந்த நேரம் பாத்து மைக்ல இவரைக் கூப்பிட்டுட்டாங்க. ஒரே கைத்தட்டல். பெரிய அதிகாரி இவரு கைல மெழுகைக் குடுத்து, "எங்க சாக்பீஸ், எருமைக்குக் கடைசியா ஒரு வரி!"ன்னாரு. 'நன்றி'ன்னு எழுதிட்டுப் போயிடலாம்னு நினைச்சாரு. நிஜமா அதைத்தான் நினைச்சாராம். குண்டு கிட்ட போய்க் கையைத் தூக்கினாரு.

கை எழுதிச்சு.

ஒரு எழுத்து பெருசு, ஒரு எழுத்து சிறுசு. ஒண்ணு மேல ஏறுது, ஒண்ணு கீழ விழுது. கூட்டத்துல யாருக்கும் ஒண்ணும் புரியல. ஆனா முன் வரிசையில இருக்கறது ஒண்ணாங்கிளாஸ். கண்ணு முன்னால யாராவது எழுதினா சேர்ந்து வாசிக்கணும்னு டீச்சர் பழக்கி வச்சிருக்கு. அத்தனையும் ஒண்ணா, ராகம் போட்டு வாசிச்சுதுங்க...

"இ... ன்... னு... ம்... இ... ல்... ல."

அதிகாரி ஏதோ ஜோக்குன்னு நினைச்சு முதல்ல சிரிச்சாரு. மத்தவங்களும் சிரிச்சுட்டுக் கை தட்டினாங்க. ரெண்டு பேரு தட்டல. அப்பனும் பொண்ணும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம பொண்ணு கேட்டுச்சு.

"அது யாரு எழுத்துப்பா?"

"என் கைதாம்மா எழுதுச்சு."

"கையை நான் கேக்கல. தினம் தினம் நான் பாக்கறது என்ன? அஞ்சு வயசுப் பிள்ளை எழுத்து எனக்குத் தெரியாதா?"

எல்லாத்தையும் சொன்னாரு. பின்னை உருவினது, எழுதினது, போட்டோ, அந்த நாலு வரிச் செய்தி, ராத்திரி நடந்தது, எல்லாம். அது கடைசி வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சாம்.

"அந்தப் போட்டோ வந்தன்னைக்கு... சிரிச்சீங்களாப்பா?"

"சிரிச்சேம்மா."

அடிச்சிருந்தாக்கூடத் தேவலையாம். அது எந்திரிச்சு உள்ள போயிடுச்சு. ரொம்ப நாளைக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல 'தண்ணி வேணுமா', 'வேணாம்', அவ்வளவுதான் பேச்சு.

அன்னைக்குப் போனதுதான் அவரோட முத்து முத்தான கையெழுத்து, திரும்பி வரவே இல்ல. பேங்க்ல கையெழுத்து சேரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எதை எழுதப் போனாலும் அதே கோணல் எழுத்துல 'இன்னும் இல்ல'. டாக்டர் நரம்புன்னாரு. அவருக்கு ஒண்ணும் புரியலைன்னா நரம்புன்னுதானே சொல்லணும்.

ஒருநாள் சாயங்காலம் டீச்சர் அம்மா ஸ்கூல்ல இருந்து ஒரு சிலேட்டு எடுத்துட்டு வந்துச்சு. அப்பா எதிர்ல உட்கார்ந்து, அவரு வலது கைல சாக்பீஸைக் குடுத்துச்சு. அவரு முகத்தைப் பாக்கல. கையைப் பாத்து, மெதுவா, கிளாஸ்ல பேசற குரல்ல சொல்லுச்சாம்.

"பயப்படாத கண்ணு. 'இ'க்குச் சுழி இப்படி வரணும். எங்க, எழுது பாப்போம்?"

கை எழுதிச்சு.

அன்னைல இருந்து தினமும் பாடம் நடக்குது. அவரு சும்மா உட்கார்ந்திருக்கணும், கை மட்டும் படிக்கும். ஆறு வருஷம் ஆச்சு. அக்கவுண்டன்ட் என் கிட்ட சொன்னப்போ நான் நம்பல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரூம் வாசல்ல நிறுத்திக் காட்டினாரு. இப்ப அது கோணல் எழுத்து இல்ல. சின்னச் சின்னதா, அடக்கமா, வரி பிசகாம... பெரிய கிளாஸ் படிக்கற பொண்ணு எழுத்து. வருஷா வருஷம் அது வளருது. அதோட அம்மா பேரு எழுதுச்சாம். தம்பி பேரு எழுதுச்சாம். அன்னைக்குச் சட்டியில என்ன வெந்துச்சுன்னு எழுதுச்சாம்.

போன வாரம்... அக்கவுண்டன்ட் ஆபீஸ்ல என்னைத் தனியா கூப்பிட்டு இதைச் சொன்னாரு. வழக்கம்போல பாடம் முடிஞ்சு சிலேட்டை வாங்கப் போயிருக்கு டீச்சர் அம்மா. கை குடுக்கல. இழுத்து வச்சுக்கிட்டு, கீழ ஒரு வரி எழுதுச்சாம்.

'டீச்சர், அன்னைக்கு அதை எழுதினது யாரு?'

டீச்சர் அம்மா அப்பாவைப் பாத்துச்சு. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"என்னால பொய் சொல்ல முடியாதுப்பா. நீங்களே சொல்லுங்க"ன்னு எந்திரிச்சு போயிடுச்சாம்.

அன்னைல இருந்து தினம் சாயங்காலம் விளக்கு வச்சதும் அவரு அந்தச் சிலேட்டு முன்னாடி போய் உட்கார்றாரு. வாயைத் திறக்கறாரு... மூடிக்கறாரு. ராத்திரி வெகு நேரம் வரைக்கும். வாய் அவரோடதுதான், அதை யாரும் பிடிச்சு வைக்கல. வார்த்தை வரல, அவ்வளவுதான்.

கை மட்டும் சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு, அவரு மடியில, அவரு முகத்தைப் பாத்துத் திரும்பி, பொறுமையா காத்துக்கிட்டு இருக்காம்.